பவளம் தின்னும் மீனைத் தொட்டிச் சாப்பாட்டுக்குப் பழக்குவது

பட்டர்ஃப்ளை மீன் வாங்கியவர்கள் இரண்டு மூன்று நாளில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, ஒன்றையும் தொடுகுதில்லை, என்ன செய்ய?" எல்லாம் என்றால் பெலட், ஃப்ளேக், உறையவைத்த ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணீரில் வளரும் ஒரு சின்ன இறால் வகை). மீன் நன்றாகத்தான் நீந்தித் திரிகிறது, கல்லுக் கல்லாகக் கொத்திப் பார்க்கிறது, ஆனால் முகத்துக்கு நேரே மிதந்து போகும் தீனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உடனே நாங்கள் அதைப் பிடிவாதக்கார மீன் என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு அது சாப்பாடு என்றே தெரியாது, அவ்வளவுதான் விஷயம். குஞ்சாகப் பாறைக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்து, ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிற, சளி மணக்கிற ஒரு பரப்பைக் கொத்தித்தான் அது வயிறு வளர்த்தது. ஆகவே சாப்பாட்டை அது தேடுகிற இடத்தில், அது தேடுகிற உருவத்தில் வைக்க வேண்டும். அது வாய் வைத்த பிறகு இடம், உருவம், ருசி என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் திரும்பவும் தொடக்கத்துக்கே வந்து நிற்பீர்கள்.

எந்த மீன்?

பாதி வேலை இங்கேதான் முடிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பட்டர்ஃப்ளை குடும்பத்தில் ஏறத்தாழ 130 இனங்கள் உண்டு, எல்லாமே பவளத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. ஆரிகா (முதுகுச் செட்டையின் பின்பக்கத்தில் நூல் ஒன்று நீண்டிருக்கும்), கண்ணில் கறுப்பு முகமூடி போட்ட ராக்கூன், வகபொண்ட், க்ளைனி, இவை புழு, சின்ன இறால் வகை, கடல் சாமந்தி, பவளம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கொத்தித் தின்பவை. முதன்முதலாகப் பழக்கப் போகிறீர்கள் என்றால் இவற்றில் ஒன்றோடு தொடங்குங்கள். அடுத்தது கொலாரி. நமது இலங்கைக் கடலில் நன்றாகக் காணலாம், கறுத்த முகத்தில் வெள்ளைப் பட்டையும் வாலில் சிவப்பும் இருக்கும். பவளத்தில் நாட்டம் கூடியதுதான், ஆனாலும் பொறுமையாக இருந்தால் வழிக்கு வரும்.

மூன்றாவது கூட்டம் மெலன், மேயர்ஸ், செவ்ரன். இவை பவளத்தைத் தவிர வேறொன்றையும் சாப்பாடாக எண்ணாதவை. செவ்ரன் அதிலும் தட்டுத் தட்டாக விரியும் அக்ரோபோராப் பவளம் ஒன்றையே காவல் காத்துக்கொண்டு, தன் எல்லைக்குள் வரும் மற்ற மீனைத் துரத்திக்கொண்டு காலம் கழிக்கும். பவளத்தில் சத்துக் குறைவு என்பதால் இந்த வகை மீன்கள் பகல் முழுக்க, மணித்தியாலத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை கொத்தியபடியே இருக்கும். காலையும் மாலையும் இரண்டு சிட்டிகை தீன் போடுகிற வீட்டுத் தொட்டியில் இது என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால் இவற்றை வாங்கவே கூடாது. மலிவாகக் கிடைத்தாலும் சரி, பிடிப்பவர் சும்மா தந்தாலும் சரி.

"ஒரேஞ்ச் புள்ளி பைல்ஃபிஷையே பழக்கியிருக்கிறார்களே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அக்ரோபோராவையே நம்பி வாழும் அந்த மீனை அமெரிக்காவில் மாற் பெடர்சன் என்பவர் தயாரித்த தீனுக்குப் பழக்கி, 2009இல் வீட்டுத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சும் வளர்த்துக் காட்டினார். ஆனால் அவர் மீன் இனப்பெருக்கத்திலேயே ஊறியவர், அந்த மீனுக்காகவே தொட்டியும் நேரமும் ஒதுக்கியவர். அந்த மீன் பவளத்தோடு எவ்வளவு ஒட்டினது என்றால், தான் தின்கிற பவளத்தின் மணமே அதன் உடம்பிலும் ஏறி, வேட்டை மீன்கள் மோப்பம் பிடிக்க முடியாமல் போகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மணம் இந்த மீன்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன், நீங்களும் முயன்று பாருங்கள் என்பதற்காக அல்ல.

சரி, இனத்தைத் தீர்மானித்தாயிற்று. அளவு ஏழில் இருந்து பத்து சென்ரிமீற்றர் வரை நல்லது. அதைவிடச் சின்னது பட்டினி தாங்காது, பெரியது பழக்கத்தை விடாது. கிழக்கில் கடல் அடங்கி இருக்கும் காலம் ஏறக்குறைய ஏப்ரலில் இருந்து செப்ரெம்பர் வரை. வாகரைப் பக்கம் சுழியோடி அழகு மீன் பிடிப்பவர்களிடம் அப்போதுதான் புது மீன் இருக்கும். வாடைக் காற்றோடு கடல் கலங்கின பிறகு கிடைப்பது வேறு கரையில் பிடித்து, கை மாறிக் கை மாறி வந்த மீனாக இருக்கலாம், அப்படி வந்தது எத்தனை நாள் பட்டினி என்று விற்பவருக்கே தெரியாது. காயங்கேணிப் பாறை 2019இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கே பிடித்த மீன் என்று யாராவது சொன்னால் வாங்காமல் விடுங்கள். பவளத்தின் மேல் மூடிப் போடுகிற மொக்சி வலையால் பிடித்ததும் வேண்டாம். அந்த வலை பவளத்தை உடைக்கும், சட்டப்படியும் தடை. கைவலையால் பிடிப்பவர்களைக் கேட்டறிந்து வாங்கினால் மீனின் உடம்பில் காயமும் குறைவு.

பிடிப்பவரின் தொட்டியிலேயே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தலைக்குப் பின்னால், முதுகு தொடங்கும் இடம் தடிப்பாக இருக்க வேண்டும். வயிறு ஒட்டியிருந்தாலாவது பரவாயில்லை, இரண்டு நாள் சாப்பிட்டால் நிமிர்ந்துவிடும். முதுகுத் தசை கரைந்து எலும்பு தெரிகிற மீன் தன் உடம்பையே தின்னத் தொடங்கிவிட்டது, அது தேறி வருவது மிக அரிது. தலை கீழாகச் சாய்ந்து நீந்துகிறதா, ஒரே மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்குகிறதா என்றும் பாருங்கள். ஆழத்தில் இருந்து அவசரமாக மேலே கொண்டுவந்த மீனுக்குக் காற்றுப்பை கோளாறு வரும். எல்லாவற்றையும்விட நல்லது, கையோடு ஒரு மட்டியைக் கொண்டுபோய் "ஒருக்கா போட்டுக் காட்டுங்கோ அண்ணன்" என்று கேட்பது. மீன் கிட்ட வந்து பார்த்தாலே போதும், அது கல்லையும் கண்ணாடியையும் கொத்திக்கொண்டு திரிந்தாலே பாதி நம்பிக்கை.

தனித் தொட்டி, கடல் தண்ணீர்

பெரிய தொட்டியில் மற்ற மீன்களோடு நேரே விட வேண்டாம். டாம்செல் மீன் ஒன்று விரட்டினாலே புது மீன் சாப்பாட்டை மறந்து ஒளிந்துவிடும். நூறு லீற்றர் அளவில் ஒரு தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று குழாய்த் துண்டு, கொத்த ஒன்றிரண்டு கல், நன்றாக ஊறிப் பழகின ஸ்பொஞ்ச் ஃபில்டர், மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே கடதாசி ஒட்டி மறைப்பு. இவ்வளவுதான். நாலு கிழமையாவது அங்கேயே இருக்கட்டும்.

தண்ணீர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் எங்கே அள்ளுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மட்டக்களப்பு வாவித் தண்ணீரை நினைக்கவே வேண்டாம். கல்லடியில் கடல் பக்கம் அள்ளினாலும், மாரியில் முகத்துவாரம் வெட்டி வாவி வெள்ளம் கடலுக்குள் பாயும் நாட்களில் கரைத் தண்ணீர் உப்புக் குறைந்து, மண் கலந்து கிடக்கும். உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரில் அடர்த்தி 1.023க்கும் 1.026க்கும் இடையில் காட்டினால் சரி. குறைவாக இருந்தால் அள்ளாமல் இன்னொரு நாள் போங்கள், அல்லது முன்கூட்டியே பரலில் சேமித்து மூடி வையுங்கள். ஒலுவில், வாழைச்சேனை மாதிரித் துறைமுகத்துக்குள் அள்ளினால் என்ஜின் எண்ணெயும் சேர்ந்து வரும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் 31 பாகைக்கும் ஏறிவிடும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், மீனின் பசி மட்டும் கூடும். மேலே ஒரு சின்ன மேசை விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு பாகையாவது இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குக் கடல் தண்ணீர் ஊற்றாமல் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. மணல் தரைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் முதலில் நைட்ரேட்டைச் சோதித்துப் பாருங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.

மட்டியில் இருந்து தொடங்குவது

வெளிநாட்டுக்காரர்கள் பாதி ஓட்டில் கிளாம் வைப்பார்கள், நமக்கு மட்டி. உயிர் மட்டி ஒரு சிறங்கை வாங்கி, கழுவி, பிரிட்ஜின் உறைபெட்டியில் மூன்று நாலு நாள் வையுங்கள். ஒட்டுண்ணிகள் அதில் பெரும்பாலும் செத்துவிடும், ஓடும் தானாக வாய் திறக்கும். ஒன்றை எடுத்துக் கத்தியால் பிளந்து, சதை ஒட்டியிருக்கிற பாதியை வைத்துக்கொண்டு, சவர அலகால் சதையின் மேலே குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாகக் கீறுங்கள். கீறினால் சதை சின்னச் சின்ன முனையாக எழும்பி நிற்கும். பவளத்தில் மீன் தேடுவது அப்படி எழும்பி நிற்கிற முனைகளைத்தான்.

எந்தக் கல்லை அது அடிக்கடி கொத்துகிறதோ அந்தக் கல்லின் இடுக்கில் மட்டி ஓட்டைச் செருகி, சதை வெளியே பார்க்க வையுங்கள். தொட்டி நடுவில், வெறும் தரையில் போட்டால் பயந்து விலகும். தண்ணீர்ப் பம்ப் இருந்தால் நிறுத்துங்கள், காற்று மட்டும் போகட்டும். அப்புறம் நீங்கள் தள்ளிப் போய் இருங்கள். கண்ணாடிக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றால் அது உங்களைத்தான் பார்க்கும்.

முதலில் சுற்றி வரும். ஒரு பக்கமாகச் சரிந்து, ஒற்றைக் கண்ணால் மட்டியைப் பார்க்கும். கிட்ட வந்து மூக்கை ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தி, தொடாமல் பின்னுக்கு நீந்தும். இதைப் பல தடவை செய்யும். பிறகு ஒரு கொத்து, உடனே துப்பும். துப்பினதைப் பார்த்து மட்டியை வெளியே எடுத்துவிடாதீர்கள், துப்புகிற மீன் ருசி பார்க்கிற மீன். அடுத்த கொத்தில் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருக்கும், திரும்பவும் துப்பும், துப்பினதையே போய் எடுக்கும். விழுங்கினால் தொண்டை ஒருக்கா அசைந்து செவுள் விரிவது தெரியும். அது தெரிந்த பிறகு அன்றைக்கு வேறு எதையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மட்டியை உள்ளே விடாதீர்கள், நம்ம வெயிலுக்கு அது அழுகி அமோனியா ஏறிவிடும். விடிய வெளிச்சம் வந்த கையோடு முதல் மட்டியை வையுங்கள், இரவு முழுக்கச் சாப்பிடாத மீனுக்கு அப்போதுதான் பசி அதிகம். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே கல். ஒரு கிழமைக்குள் ஓட்டைக் கையில் எடுத்தாலே முன்னுக்கு வந்து நிற்கத் தொடங்கும்.

மட்டியையே பார்க்காத மீனும் இருக்கும். அதற்கு உயிருள்ளது ஏதாவது வேண்டும். மீனவர்களின் மிதவைக் கயிறு கடலில் நாள் கணக்காகக் கிடந்தால் அதில் ஓட்டு உயிர்களும் குழாய்ப் புழுக்களும் பாசியும் ஒட்டி வளர்ந்திருக்கும். கரைக்கு இழுத்து அதைச் சுரண்டி எறியும்போது கேட்டால் ஒரு முழக் கயிறு தருவார்கள். எண்ணெய் மணக்காத கயிறாகப் பார்த்து, கடல் தண்ணீரில் அலசித் தொட்டியில் தொங்கவிட்டால், எத்தனையோ நாள் பட்டினி கிடந்த ஆரிகாவும் அதைக் கொத்தாமல் விடாது. எய்ப்டேசியா என்கிற சின்னக் கடல் சாமந்தி மற்ற வளர்ப்பாளர்களுக்குத் தலையிடி. யாருடைய தொட்டியிலாவது அது பரவியிருந்தால் அந்தக் கல்லைக் கடன் கேளுங்கள், சந்தோசமாகத் தருவார்கள். ராக்கூனும் க்ளைனியும் அதை விரும்பித் தின்னும். இப்படி வந்த கல்லும் கயிறும் நோயையும் கொண்டு வரலாம் என்பதால்தான் முதலிலேயே தனித் தொட்டி என்று சொன்னேன்.

ஆர்ட்டீமியாக் குஞ்சு பொரிப்பது நம்ம ஊரில் மிகச் சுலபம், சூடு அதற்கென்றே அமைந்தது. ஒரு லீற்றர் சோடாப் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி, கடல் தண்ணீரை ஊற்றி, அரைத் தேக்கரண்டி முட்டை போட்டு, காற்றுக் குழாயை அடி வரைக்கும் விட்டு, வெளிச்சத்தில் வைத்தால் 24 மணித்தியாலத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், செம்மஞ்சள் குஞ்சு கீழே சேரும். அதை மெல்லிய துணியில் வடித்து அலசி, ஊசி இல்லாத சிரிஞ்சால் கல்லின் மேல் மெதுவாகப் பீச்சுங்கள். பொரித்த சில மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், நேரம் போகப் போகக் குஞ்சுக்குள் இருக்கிற கருவின் சத்துக் கரைந்துபோகும். நுளம்புக் குடம்பியும் கொடுக்கலாம் என்று ஒரு கதை உண்டு. உப்புத் தண்ணீரில் அது கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், அதைவிட வீட்டில் வாளி வைத்து நுளம்பு வளர்க்கிறீர்கள் என்று பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா கண்டால் வழக்கு வேறு. விட்டுவிடுங்கள்.

பசை: இதில்தான் மீன் திரும்புகிறது

மட்டியை அது நம்பிக்கையோடு தின்னத் தொடங்கினதும் அடுத்த கட்டம், மட்டி ருசியை வைத்துக்கொண்டு உருவத்தை மாற்றுவது. மட்டிச் சதை இரண்டு பங்கு, ஓடு நீக்கின இறால் ஒரு பங்கு, கணவாய் அரைப் பங்கு, கிடைத்தால் சூடையோ வேறு மீனோ, அதன் சினை ஒரு கரண்டி. பாறையில் டாம்செல்கள் இடும் முட்டையைப் பட்டர்ஃப்ளை மீன்கள் கூட்டமாகப் போய்க் கொள்ளையடிக்கும், அதனால் சினை மணத்துக்கு நல்ல வரவேற்பு. நோரி என்கிற காய்ந்த பாசித் தாள் கொஞ்சம் கிழித்துப் போடலாம், இல்லாவிட்டாலும் குறை இல்லை. எல்லாம் பச்சையாக, உப்போ மஞ்சளோ படாமல் இருக்க வேண்டும். மீன் கடையில் ஐஸ் போட்டு வைத்திருந்ததாக இருந்தால் நன்றாகக் கழுவுங்கள். அரைத்தால் இடியப்ப மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக வர வேண்டும். குசினிக் கிரைண்டரில் அரைக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அரையுங்கள்.

உள்ளிச்சாறு சேர்த்தால் பசி வரும் என்பார்கள். நானும் சேர்த்துப் பார்த்தவன்தான், மட்டி மணத்துக்கு மேல் அது ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

பசையைப் பிடித்து வைக்க ஜெலட்டினைப் பலரும் சொல்வார்கள். குளிர் நாட்டுக்கு அது சரி. நம்ம தொட்டி 29, 30 பாகையில் நிற்கும்போது ஜெலட்டின் இளகி, பசை கரைந்து தண்ணீர் முழுக்கப் பாலாகும். நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற கடற்பாசி (அகர் அகர்) இருக்கிறதே, அதுதான் வேண்டும், சீனியும் பாலும் போடாமல். நூறு மில்லிலீற்றர் தண்ணீருக்கு இரண்டு கிராம் கடற்பாசி, கொதித்துக் கரைந்த பிறகு இறக்கி, பாத்திரத்தைக் கையால் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டு, அதே அளவு அரைத்த கலவையை விரைவாகக் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் சதை வெந்து மணம் போய்விடும், ஆறவிட்டுக் கதைத்துக்கொண்டு நின்றால் சட்டியிலேயே உறைந்துவிடும். கடற்பாசி சேர்த்த பசையை உறைபெட்டியில் வைக்காதீர்கள், உறைந்து இளகும்போது தண்ணீர் விட்டு நொய்ந்துபோகும். அரைத்த கலவையை மட்டும் மெல்லிய தகடாக உறையவைத்து, மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக் கடற்பாசியோடு கலந்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பாவியுங்கள்.

இனி எதில் பூசுவது என்ற கேள்வி. இணையத்தில் காட்டுவது செத்த பவளத்தின் வெள்ளை எலும்பு. இங்கே பவளத்தை உடைக்கவோ எடுக்கவோ சட்டம் இடம் கொடுக்காது, பாசிக்குடாப் பக்கம் கரையில் ஒதுங்கினதைக்கூட எடுத்து வரப் போகாதீர்கள். அதைவிட நல்ல பொருள் வீட்டுக் கோடியிலேயே கிடக்கும்: பூச்சு இல்லாத கூரை ஓட்டுத் துண்டு, அல்லது உடைந்த மண்சட்டியின் வயிற்றுப் பக்கம். கழுவி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ட்ரில்லால் நாலைந்து மில்லிமீற்றர் அகலத்தில் நெருக்கமாகக் குழி போடுங்கள், துளைத்து மறுபக்கம் போக வேண்டாம். கலவை உறைவதற்கு முன் ஊற்றி, குழியெல்லாம் நிரம்பி மேலே மெல்லிய தோலாகப் படியும்படி தடவி, பிரிட்ஜில் வையுங்கள். உறைந்த பிறகு மேலே இருக்கும் தோலை அலகால் கீறிவிடுங்கள். மட்டி ஓடு வைத்த அதே கல்லில், மட்டி ஓட்டுக்குப் பக்கத்திலேயே இதையும் சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் ஓட்டுத் துண்டையும் கொத்தத் தொடங்கினால் மட்டியைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி நிறுத்துங்கள். குழிக்குள் இருப்பதைத் தோண்டி எடுக்க மீன் மெனக்கெட வேண்டும், அந்த மெனக்கெடல்தான் இந்த மீன்களுக்குப் பழகின வேலை. தட்டையாகப் பூசினதை அலட்சியம் செய்த மீனும் குழியைக் கண்டால் விடாது.

பசையை நன்றாகத் தின்கிற நாளில் இருந்து மற்றதெல்லாம் வேகமாக நடக்கும். அடுத்த பசையில் மைசிஸ் என்கிற சின்ன இறால் வகையைச் சேருங்கள். இறக்குமதி மைசிஸ் விலை எட்டாவிட்டால் பச்சைக் கூனி இருக்கிறது. புட்டுக்கும் சுண்டலுக்கும் போடுகிற அதே கூனிதான், ஆனால் காய்ந்த கூனி வேண்டாம், உப்பும் மணலும் அதிகம். கூனியை முழுசாகக் கலவையில் பதித்தால் மீன் அதன் உருவத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு ஓட்டுத் துண்டுக்கு மேலே இரண்டு மூன்று கூனியைச் சிரிஞ்சால் விழவிடுங்கள், விழுந்து ஓட்டில் தங்கினதை முதலில் எடுக்கும், கொஞ்ச நாளில் விழும்போதே எடுக்கும். மிதந்து வருவதும் சாப்பாடுதான் என்று அது அறிந்துகொள்ளும் இடம் இது. பெலட்டுக்கும் இதே வழி: ஒரு மில்லிமீற்றர் அளவில் தாழும் பெலட்டை மட்டிச் சாற்றில் ஊறவைத்துப் பசையில் பதியுங்கள், பிறகு தனியே விழவிடுங்கள். மேலே மிதக்கும் பெலட் இவற்றுக்குச் சரிவராது.

ஒன்று இரண்டு மீன் பெலட்டை ஒருபோதும் எடுக்காது. பசையையும் கூனியையும் தின்கிற மீன் பெலட் தின்னாவிட்டால் என்ன? அப்படியே விடுங்கள்.

கூட ஒரு மீனை வைப்பதும் உதவும். நன்றாகச் சாப்பிடுகிற, சண்டை பிடிக்காத பச்சைக் குரோமிஸ் ஒன்றைப் பக்கத்தில் விட்டால், அது பாய்ந்து தின்பதைப் பார்த்துப் புது மீனும் துணியும். பசைக் கட்டத்துக்கு முன்னால் விடாதீர்கள், குரோமிஸ் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும்.

எத்தனை தரம், எவ்வளவு

ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தரம், ஒவ்வொரு தரமும் கொஞ்சம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓட்டுத் துண்டு முறையில் வசதி, கடற்பாசி கலந்த பசை மட்டியைவிடத் தாங்கும், போகும்போது ஒன்றை வைத்துவிட்டு மதியம் யாரையாவது மாற்றச் சொல்லலாம். இவ்வளவு சாப்பாடு போடுகிற தொட்டியில் தண்ணீர் கெடாமல் இருக்காது. அமோனியா சோதனை ஒவ்வொரு நாளும், தண்ணீர் மாற்றுவது இரண்டு நாளுக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு. கறண்ட் போனால் ஸ்பொஞ்சுக்குக் காற்று நிற்கும். 2022இல் அரை நாளாகக் கறண்ட் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். வெள்ளைப் புள்ளிக்குச் செம்பு மருந்து போடுவார்கள், செம்பு பசியை அடக்கும். உயிருக்கு ஆபத்தான நோய் கண்ணுக்குத் தெரியாவிட்டால், மீன் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கும் வரை செம்பைத் தள்ளிவையுங்கள். பட்டர்ஃப்ளை மீன்களில் செவுளிலும் தோலிலும் ஒட்டுப் புழு அதிகம், கல்லில் உடம்பை உரசும், ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடி மூச்சு விடும். அதற்குப் பிராசிகுவாண்டல் போடலாம், மீனுக்குரிய அளவை மருந்து தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். சாப்பிட்டும் மெலிகிற மீனுக்கும் அநேகமாகக் குடல் புழுதான் காரணம்.

முதல் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பது பயப்படுகிற விஷயம் அல்ல. ஒரு கிழமை தாண்டியும் மட்டி, கயிறு, ஆர்ட்டீமியா ஒன்றுக்கும் அசையாமல், தலைக்குப் பின்னால் பள்ளம் விழத் தொடங்கினால் பிடித்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், வாங்கும்போதே அதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் தொட்டியில் இருந்து நேரே கடலில் விட வேண்டாம், வெளிநாட்டு மீனோடு இருந்த தண்ணீரின் நோயை நம்ம பாறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.

நாலு கிழமை முடிந்து முதுகு நிரம்பி, கழிவும் நீளமாக, நிறமாகப் போகிறது என்றால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். முதலில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு பெரிய தொட்டிக்குள் இறக்கி, அதே ஓட்டுத் துண்டை உள்ளே வையுங்கள். இடம் மாறினாலும் சாப்பாடு மாறவில்லை என்று அது காண வேண்டும். மற்ற மீன்கள் பெட்டியைச் சுற்றி மோதுவதை நிறுத்தின பிறகு திறந்துவிடுங்கள். பெரிய தொட்டியில் உயிர்ப் பவளம் வைத்திருப்பவர்கள் இந்த மீனை அங்கே விடுவது வீண் ஆசை, எவ்வளவு பழக்கினாலும் பவளத்தைக் கண்டால் கொத்தும்.

கதிர்காமப் பாதயாத்திரை, கொழும்புக் கலியாணம் என்று வீட்டை விட்டுப் போகும் நாட்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்து "பார்த்துப் போடு" என்று சொன்னால் அன்பில் அள்ளிப் போட்டுவிடும். கூனியும் அரைத்த கலவையும் ஒரு வேளைக்கு ஒரு வில்லையாக உறையவைத்து, ஒரு நாளுக்குரியதை ஒரு பொலித்தீன் பையில் கட்டி, மேலே கிழமையை எழுதி வையுங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, பின்னேரம் ஒன்று. மிஞ்சினால் தொட்டிக்குள் போடாமல் பூனைக்குப் போடச் சொல்லுங்கள்.